டர்போ கார்களில் எஞ்சின் மிஸ்ஸிங்: கண்டறியும் முறையின் வரலாறு

பெட்ரோல் எஞ்சினின் ஒரு சிலிண்டருக்குள் எரிபொருள் உரிய நேரத்தில் எரியாமல் போவதும், அரைகுறையாக எரிவதும் மிஸ்ஃபயர் எனப்படும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதற்கு வழங்கும் பெயர் 'மிஸ்ஸிங்'. வண்டி உதறுகிறது, திக்குகிறது, இழுவை இல்லை என்று ஓட்டுநர் சொல்லும் குறைகளில் பல இதில் அடங்கும். சாதாரண கார்களில் மிஸ்ஸிங் இருந்தால் வண்டி நிற்கும்போதே பெரும்பாலும் தெரிந்துவிடும். டர்போசார்ஜர் பொருத்திய கார்களில் அப்படியில்லை. நின்ற இடத்தில் கடிகாரம் போல ஓடும் எஞ்சின், மேம்பாலம் ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் மட்டும் உதறும். பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் குறை மறைந்துவிடும். "நல்லாத்தானே ஓடுது" என்று மெக்கானிக் சொல்ல, வண்டிக்காரர் விழிப்பார்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறையைக் கண்டுபிடிக்க நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல வழிகள் உருவாயின. முதலில் காது, பிறகு கருவி, அதன் பிறகு காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கணினி. இவற்றுள் ஒன்று வந்ததால் முந்தையது தேவையற்றுப் போய்விடவில்லை.

கரையில் வந்த எஞ்சின்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள மீனவர் ஊர் புன்னைக்காயல். 1586-இல் அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சிடப்பட்ட ஊராக அறியப்படுவதால், தமிழ் அச்சு வரலாறு படிப்போருக்கு இப்பெயர் பழக்கமானது. இக்கரையிலிருந்து முத்துக்குளிக்கச் சென்ற தோணிகள் இரவில் வீசும் நிலக்காற்றில் புறப்பட்டு, பகலில் எழும் கடற்காற்றில் திரும்பின. அந்தக் காலத்தில் கடலில் கவலை காற்றைப் பற்றியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மன்னார் வளைகுடாப் படகுகளுக்கு எஞ்சின் வந்ததும் கவலையும் இடம் மாறியது. கரையில் கார் திக்கினால் தள்ளிக்கொண்டு போகலாம். நடுக்கடலில் எஞ்சின் திக்கினால் அதைப் படகில் இருப்பவரே கண்டுபிடித்தாக வேண்டும்.

படகு டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இந்த எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறியப் பழைய வழி ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு நாசிலுக்கும் டீசல் கொண்டுபோகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் எஞ்சினின் ஓசை தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். ஓசையில் மாற்றமே இல்லையென்றால் குறை அங்கேதான். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கேட்கும் இந்த எளிய சோதனைதான், கார்களில் மிஸ்ஸிங் கண்டறியும் முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. (இன்றைய காமன் ரயில் டீசல் எஞ்சின்களில் இதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

டெல்கோ காலம்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வேண்டும். ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனால்டு 1902-இல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரியிலிருந்து தீப்பொறி எடுக்கும் முறையை அமைத்தார். அவர் 1909-இல் தொடங்கிய டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை நம் ஊர் மெக்கானிக்குகள் எந்த நிறுவனம் செய்திருந்தாலும் 'டெல்கோ' என்றே அழைத்தார்கள். நிறுவனத்தின் பெயர் பொருளின் பெயராகிப் பட்டறைத் தமிழில் தங்கிவிட்டது.

இந்தப் பொருள்கள் விரைவில் இங்கேயே தயாராயின. 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பெங்களூரில் ஸ்பார்க் பிளக் செய்தது. 1961-இல் சென்னையில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கி, கார்களுக்கான மின்கருவிகளைப் பாடியில் தயாரித்தது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கல்கத்தா அம்பாசடர், பம்பாய் பியட் என எந்தக் கார் வந்தாலும் மிஸ்ஸிங் பார்க்கும் முறை ஒன்றுதான்.

எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். எந்த வயரைக் கழற்றினால் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டரின் பிளக்கை வெளியே எடுப்பார்கள். பிளக்கின் முகம் ஒரு மருத்துவச் சீட்டு போன்றது. வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல். எண்ணெயில் நனைந்திருந்தால் பிஸ்டன் ரிங்கிலோ வால்விலோ தேய்மானம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம். இருட்டிய பிறகு பானட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. வயரில் வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் நீலப் பொறி பறப்பது இருளில் தெரியும். டெல்கோவின் பாயிண்டை எமெரித் தாளால் உரசி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி சரிசெய்வது வாடிக்கையான வேலை. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் அக்காலத்தில் மிஸ்ஸிங்குக்கு ஒரு காரணம். அதை மூக்கே சொல்லிவிடும்.

இந்த முறைகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு திருப்புளி, ஒரு ஸ்பேனர் செட், பழகிய காது இவை போதும். ஒரு தொழிலாளி பத்து ஆண்டுகளில் கற்றதை உதவிப் பையனுக்குக் கையோடு சொல்லிக்கொடுத்துவிட முடிந்தது. மாவட்டத் தலைநகரம் முதல் சிற்றூர் வரை பட்டறைகள் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டர்போ என்ன செய்தது

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பது டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூச்சி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல் டீசல் எஞ்சின்களில்தான் இது முதலில் வேரூன்றியது. டீசலுக்குக் காற்று எவ்வளவு கூடினாலும் நல்லதே. பெட்ரோல் எஞ்சினுக்கு அப்படி இல்லை என்பதால் கார்களுக்கு வரத் தாமதமானது.

1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதில் எஞ்சின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிவர வேண்டும். கார் வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் எஞ்சினின் வலிமை தானே குறையும்படி அமைத்திருந்தார்கள், வாங்கியவர்களோ கார் கெட்டுவிட்டதாக நினைத்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்த வேண்டியதாயிற்று. இயந்திரம் தன் நிலையை ஓட்டுநருக்குத் தெளிவாகச் சொல்லாவிட்டால் நல்ல கண்டுபிடிப்பும் தோற்கும் என்பதை அந்தக் கார் காட்டியது. 1970களில் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ, போர்ஷே 911 டர்போ, சாப் 99 டர்போ ஆகியவை வந்த பிறகே டர்போ பெட்ரோல் கார் நிலைபெற்றது.

டர்போ காரில் மிஸ்ஸிங் ஏன் ஒளிந்து விளையாடுகிறது என்பதற்கான விடை 1889-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஜெர்மானிய இயற்பியலாளர் பிரெடரிக் பாஷன், இரு முனைகளுக்கிடையே தீப்பொறி தாவத் தேவைப்படும் வோல்ட்டேஜ், அந்த இடைவெளியையும் இடையே உள்ள வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கிய அளவைச் சார்ந்தது என்று காட்டினார். பிளக்கில் உள்ள நிலைமைக்கு எளிமையாகச் சொன்னால், காற்று எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொறி தாவுவது கடினம்.

ஐடிலிங்கில் ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்குள் நுழையும் காற்று, வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து டர்போ வேகம் பிடித்தால் அது வளிமண்டல அழுத்தத்தின் இருமடங்கை நெருங்கும் கார்கள் உண்டு. அதாவது அதே பிளக், அதே இடைவெளி, ஆனால் ஐந்தாறு மடங்கு நெருக்கமான காற்று. ஐடிலிங்கில் பத்தாயிரம் வோல்ட்டில் தாவிய பொறிக்கு இப்போது அதைப்போல் இருமடங்கு, மும்மடங்கு வோல்ட்டேஜ் வேண்டும். பிளக் முனை தேய்ந்து இடைவெளி சிறிது கூடியிருந்தாலும், காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், மின்சாரம் தனக்கு எளிதான வேறு வழியில் ஓடிவிடும். சிலிண்டருக்குள் பொறி விழாது. காலைத் தளர்த்தியதும் அழுத்தம் குறைந்து எல்லாம் பழையபடி சரியாகிவிடும். பட்டறையில் நிற்கும் காரில் குறை தெரியாததன் காரணம் இதுதான். டெல்கோ காலத்து வயர் கழற்றும் சோதனை ஐடிலிங்கில் செய்யப்படுவது. ஆகவே அது இங்கே கைகொடுப்பதில்லை.

புகைமூட்டத்திலிருந்து வந்த விதி

மிஸ்ஸிங்கைக் கண்டறியும் வேலையைக் காரிடமே ஒப்படைத்தது எஞ்சின் நிபுணர்களின் ஆசையால் நடந்ததன்று. கலிபோர்னியாவின் காற்று கெட்டதால் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்துக்கு வாகனப் புகை முக்கியக் காரணம் என்பதை 1950களில் ஆரி ஹாகன்-ஸ்மித் விளக்கினார். 1970களில் கார்களின் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியில் பிளாட்டினம் வகை உலோகங்களைப் பூசி, நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கருவி அது. மிஸ்ஸிங் இருந்தால் எரியாத பெட்ரோல் நேராக அங்கே போய்ச் சேரும். அங்கே அது எரியும். கட்டி சூடேறி உருகிப் போகும். ஆக ஒரு பிளக்கின் குறையால் பிளக்கைப் போலப் பல மடங்கு விலையுள்ள கருவி கெடுகிறது, ஊர்க்காற்றும் கெடுகிறது.

அதனால் கலிபோர்னியக் காற்று வள வாரியம், கார் தன் குறையைத் தானே கண்காணித்துச் சொல்ல வேண்டும் என்ற ஓபிடி-2 விதியை 1994 மாடல் ஆண்டிலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமானது. டாஷ்போர்டின் அடியில் 16 ஊசிகள் கொண்ட ஒரே மாதிரியான இணைப்புத் துளை, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறை எண்கள், 'செக் எஞ்சின்' விளக்கு ஆகியன அந்த விதியின் விளைவுகள். விளக்கு நின்று எரிந்தால் விரைவில் பார்க்க வேண்டிய குறை. விட்டுவிட்டு மின்னினால் கன்வெர்ட்டரையே கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டுவதே சரி. இந்த ஒரு வேறுபாட்டை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித்தந்தால் பல ஆயிரம் ரூபாய்கள் மிஞ்சும்.

கணினி மிஸ்ஸிங்கை எப்படி அறிகிறது? படகுக்காரர் காதால் அறிந்ததையே அது ஒரு பற்சக்கரத்தால் அறிகிறது. பல கார்களில் கிராங்க் ஷாப்டுடன் சேர்ந்து சுழலும் சக்கரத்தில் 60 பற்களுக்கான இடம் இருக்கும். தொடக்கப் புள்ளியைக் காட்ட இரண்டு பற்களை மட்டும் விட்டிருப்பார்கள். அருகே உள்ள சென்சார் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை அளக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒரு பல்லுக்கான நேரம் ஒரு நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. மூன்று சிலிண்டர் எஞ்சினில் அதே வேகத்தில் நொடிக்கு 75 முறை எரிப்பு நடக்க வேண்டும். ஒவ்வொரு எரிப்பும் கிராங்கைச் சற்றே முன்தள்ளும். ஒன்று தவறினால் அந்தப் பகுதியைக் கடக்கச் சிறிது கூடுதல் நேரமாகும். எந்தச் சிலிண்டரின் முறை அது என்று பார்த்துக் கணினி எண்ணிக்கொள்ளும்.

இதிலும் ஏமாற இடமுண்டு. குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்களின் குலுக்கல் கியர்பெட்டி வழியே கிராங்க் வரை வந்து மிஸ்ஸிங் போலவே தோன்றும். அதனால் சாலை மோசமாக இருப்பதை ஏபிஎஸ் சென்சார்களால் உணர்ந்து அந்த நேரத்து எண்ணிக்கையைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. சுவீடனின் சாப் நிறுவனம் வேறு பாதையில் போனது. 1990களில் அதன் டிரையோனிக் முறை, பொறி விழுந்த பிறகு அதே பிளக்கின் முனைகளுக்கிடையே சிறு மின்னோட்டம் பாய்கிறதா என்று பார்த்தது. எரிந்த வாயு மின்சாரத்தைக் கடத்தும், எரியாத கலவை கடத்தாது. தீ மூட்டிய பிளக்கே தீ பற்றியதா என்று சாட்சியும் சொன்னது. டர்போ கார்களுக்கென்றே பேர் பெற்ற நிறுவனம் இப்படி யோசித்ததில் வியப்பில்லை.

இந்தியச் சாலையில்

இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டரும் வந்தன. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-இல் ஓபிடியின் முதல் கட்டமும், 2013-இல் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6.

டர்போ பெட்ரோல் எஞ்சின் சாதாரணக் குடும்பக் கார்களுக்குள் நுழைந்ததற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு, அது வரி. 2006-இல் மத்திய அரசு நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தது. சிறிய எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் வலிமையை எடுக்க எளிய வழி டர்போ. பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது சிறிய டீசல் கார்களின் விலை ஏறியது. மாருதி சுசூகி டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. விட்டுப்போன இடத்தை டர்போ பெட்ரோல் பிடித்தது. இதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. மறைமலை நகரில் தயாரான போர்டு ஈகோஸ்போர்ட் 2013-இல் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினோடு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூ 2019-இலும், ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் 2020 இறுதியிலும் வந்தன. மூன்றும் மூன்று சிலிண்டர் டர்போக்கள். மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு என்பதால், இவற்றில் மிஸ்ஸிங் வந்தால் உதறலும் பலமாக இருக்கும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

ஸ்கேனரை மாட்டினால் பி 0301, பி 0302 என்று எண் வரும். கடைசி இலக்கம் சிலிண்டரைக் குறிக்கும். பி 0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரோடு நிற்காமல் மாறிமாறி நடக்கிறது என்று பொருள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 'எங்கே' என்பதை எண் சொல்கிறது, 'ஏன்' என்பதைச் சொல்வதில்லை. பி 0302 வந்ததும் இரண்டாம் சிலிண்டரின் காயிலை மாற்று, போகவில்லையா, பிளக்கை மாற்று, அதுவும் இல்லையா, இஞ்செக்டரை மாற்று என்று போனால் பில் ஏறும், குறை ஏறிய இடத்திலேயே இருக்கும்.

டர்போ காரில் முதலில் பார்க்க வேண்டியது, குறை பதிவான கணத்தில் கார் எந்த நிலையில் இருந்தது என்பது. எஞ்சின் வேகம், சுமை, சூடு ஆகியவற்றைக் கணினி அந்த நொடியில் குறித்து வைத்திருக்கும். கனத்த சுமையில் மட்டும் என்றால் சந்தேகம் பொறியின் பக்கம் திரும்ப வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் எடுக்கும்போது மட்டும் என்றால் வேறு திசை. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவிவிடுவதில்லை. நாளடைவில் அங்கே கரி படிந்து காற்றோட்டத்தைக் கெடுக்கும்.

அடுத்தது பழைய பட்டறையின் சோதனை, புதிய உருவில். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் இப்போது தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றி மாட்ட வேண்டும். எண்ணை அழித்துவிட்டு, குறை வந்த அதே நிலையில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது பி 0303 வந்தால் குறை காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, காயிலே காரணம். பி 0302 ஆகவே நின்றால் காயில் நல்லது, அடுத்துப் பிளக்கை அதேபோல் மாற்றலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, அரைமணி நேரம் போதும். எந்தப் பொருளையும் வாங்காமல் பாதிக் காரணங்களை ஒதுக்கிவிடலாம். எஞ்சின் ஓடும்போது காயிலைக் கழற்றும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். கையில் பாயும் மின்சாரம் ஒரு ஆபத்து, கன்வெர்ட்டருக்குப் போகும் பெட்ரோல் இன்னொன்று.

பிளக்கும் காயிலும் நல்லவை என்றால் காற்றுப் பாதையைப் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் கிளிப் தளர்ந்திருந்தாலோ பிளவு இருந்தாலோ அழுத்திய காற்று வெளியேறிவிடும். உள்ளே போகும் காற்றைத் தொடக்கத்திலேயே அளந்து பெட்ரோல் விடும் கார்களில், அளந்த காற்று வந்து சேராததால் பெட்ரோல் கூடிக் கறுப்புப் புகை வரும், எஞ்சின் திக்கும். டர்போ அழுத்தம் போதவில்லை என்னும் பி 0299 எண்ணும் கூடவே வந்தால் ஐயம் உறுதிப்படும். குழாய்க்குள் புகை செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது இதற்கு நல்ல வழி. எல்லாம் சரியாக இருந்தும் குறை அதே சிலிண்டரில் நின்றால் கடைசியில் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். எரிந்துபோன வால்வையும் கெட்டுப்போன ஹெட் கேஸ்கெட்டையும் எந்தக் காயிலாலும் சரிசெய்ய முடியாது.

கடலோரக் கார்களுக்கு இன்னொரு சோதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடி திருச்செந்தூர் சாலையில் பழையகாயல், ஆறுமுகநேரிப் பகுதிகளின் உப்பளங்களைத் தாண்டும்போது காற்றிலேயே உப்பு இருக்கும். புன்னைக்காயல் போன்ற ஊரில் கடலை ஒட்டி இரவெல்லாம் நிற்கும் காருக்குக் கேட்கவே வேண்டாம். உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின் இணைப்பு ஊசிகளில் பச்சைப் பூப்பு படியும். சென்சார்களும் காயில்களும் சீரான மின் இணைப்பை நம்பியவை, அந்தப் பூப்பு போதும் அவற்றைக் குழப்ப. காயிலை மாற்றுவதற்கு முன் அதன் இணைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது இக்கரையில் கட்டாயம். புதுக் காயில் மாட்டியதும் குறை போய்விட்டால், காயிலால் போனதா, கழற்றி மாட்டியதில் ஊசி உரசிச் சுத்தமானதால் போனதா என்ற ஐயம் எழ வேண்டும். பழைய காயிலை மறுபடி மாட்டிப் பார்த்தால் அது தீரும்.

ஸ்கேனர் யார் கையில்

ஓபிடி விதி எல்லாருக்கும் பொதுவான எண்களைத் தந்தது. ஆனால் அது புகை தொடர்பான குறைகளோடு நின்றது. அதற்கு மேல் நிறுவனங்கள் தமக்கே உரிய எண்களையும், அவற்றைப் படிக்கும் மென்பொருளையும், பழுதுபார்க்கும் வழிமுறை நூல்களையும் தம் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்களுக்கு மட்டும் கொடுத்தன. திருப்புளியும் காதும் கொண்டு தொழில் செய்த சிறு பட்டறைக்கு முன்னால் முதன்முறையாக ஒரு பூட்டிய கதவு வந்தது. நேரடியாகப் பீய்ச்சும் இஞ்செக்டரை மாற்றினால் பல கார்களில் அதன் எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். அந்தக் கருவி இல்லாத மெக்கானிக், குறையைச் சரியாகக் கண்டுபிடித்தும் வேலையை முடிக்க முடியாமல் வண்டியை அனுப்பிவிட நேரும்.

இது வழக்காகவும் ஆனது. உதிரிப் பாகங்களும் கண்டறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்காதபடி செய்ததாகக் கூறி, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தபோது அதன் பட்டியலில் வாகனங்களும் இடம்பெற்றன. இதற்கிடையே எண்களைப் படிக்கும் மலிவான ஸ்கேனர்கள் கைப்பேசியோடு இணையும் அளவுக்கு வந்துவிட்டன. பி 0302-ஐப் படிக்க இன்று பெரிய முதலீடு தேவையில்லை. படித்த பின் என்ன செய்வது என்பதற்கு, காயிலை இடம் மாற்றிப் பார்க்கும் பொறுமை உள்ளவர் வேண்டும்.

தூத்துக்குடியின் சிலாநத்தத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் அமைத்த மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. அங்கிருந்து வெளிவரும் கார்களில் பிளக் இல்லை, டர்போ இல்லை, ஆகவே மிஸ்ஸிங்கும் இல்லை. மின் இணைப்புகளும் ஊசிகளும் அவற்றிலும் ஏராளம், உப்புக் காற்றும் அதே காற்றுதான்.